தட்டினால் போதும்: பீசோ டிஸ்க்கில் ஒரு அதிர்வு ஸ்விட்ச்

கிச்சன்ல இருக்குற கேஸ் லைட்டரை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. "டக்"னு ஒரு சத்தம், நுனியில ஒரு பொறி. உள்ளே பேட்டரி கிடையாது, சார்ஜ் போடுற வேலையும் கிடையாது. ஸ்பிரிங் ஒரு குட்டிச் சுத்தியலை இழுத்து விடுது, அது ஒரு செராமிக் துண்டு மேல போய் அடிக்குது. அந்த ஒரே அடியில சில ஆயிரம் வோல்ட் பிறக்குது, காற்றையே தாண்டிப் பொறி பறக்குற அளவுக்கு.

இதே குடும்பத்துச் செராமிக்கை மெல்லிசா ஒரு பித்தளைத் தகடு மேல ஒட்டினா அதுதான் பீசோ டிஸ்க். பஸ்ஸருக்குள்ள, பிரிச்சதும் பாட்டு பாடுற வாழ்த்து அட்டைக்குள்ள எல்லாம் இருக்கும். ரிட்சி ஸ்ட்ரீட்ல கேட்டா ஒரு டீ, ஒரு வடை விலைக்குள்ள கிடைக்கும். இதை வச்சு "தட்டினா ஆன் ஆகுற ஸ்விட்ச்" பண்றது மினி ப்ராஜெக்ட்ல அடிக்கடி வர்ற ஐட்டம். பிரெட்போர்டுல போட்டு, மேசையைத் தட்டி, எல்இடி எரிஞ்சா "அவுட்புட் வந்துடுச்சு டா"ன்னு கிளம்பிடுவோம்.

ஆனா அது பாதி வேலைதான். தட்டும்போது ஆன் ஆகுறது சுலபம். தட்டாதபோது சும்மா இருக்கிறதுதான் கஷ்டம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பாதியைப் பத்தி.

முதல்ல ஒரு வேலை கொடுப்போம்

மேசை மேல எல்இடி எரியுறதுக்காக ஒரு சர்க்யூட் பண்ணினா அது நல்லதா கெட்டதான்னு சொல்லவே முடியாது. அதனால ஒரு நிஜ வேலையை எடுத்துக்குவோம். வயசான பாட்டி ஒருத்தர் ஒரு அறையில தூங்குறார். விரல்ல பலம் இல்ல, இருட்டுல பெல் ஸ்விட்ச்சைத் தேடி அழுத்த முடியாது. ஆனா கையை மடக்கிக் கட்டில் சட்டத்தை ரெண்டு தட்டு தட்ட முடியும். தட்டினா அடுத்த அறையில மணி அடிக்கணும். இதுதான் நம்ம ஸ்விட்ச்சோட வேலை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. தலைக்கு மேல ஃபேன் சுத்துது. தெருவுல லாரி போகுது. பாட்டி புரண்டு படுக்கிறார். யாரோ கதவைச் சாத்துறாங்க. இதுக்கெல்லாம் மணி அடிச்சா என்ன ஆகும்? முதல் ராத்திரி எல்லாரும் ஓடி வருவாங்க. ரெண்டாவது ராத்திரி திட்டிக்கிட்டே வருவாங்க. மூணாவது ராத்திரி யாராவது பிளக்கைப் பிடுங்கிடுவாங்க. பாட்டி உண்மையிலேயே தட்டுற நாலாவது ராத்திரி மணி அடிக்காது.

அதாவது, பொய்யா அடிக்கிற மணி வெறும் தொந்தரவு இல்ல, அது கடைசியில அடிக்காத மணியா மாறிடும். இதை மனசுல வச்சுக்கிட்டு உள்ளே போவோம்.

டிஸ்க்குக்குள்ளே என்ன நடக்குது

1880-ல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்கள். மறுபக்கமா, மின்னழுத்தம் கொடுத்தா படிகம் நெளியும்னு 1881-ல் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார், கியூரி சகோதரர்கள் அதையும் சோதிச்சு உறுதி செஞ்சாங்க. பஸ்ஸர் சத்தம் போடுறது இந்த ரெண்டாவது விளைவு. நம்ம ஸ்விட்ச் பயன்படுத்துறது முதல் விளைவு. இன்னைக்கு டிஸ்க்ல இருக்கிறது பெரும்பாலும் குவார்ட்ஸ் இல்ல, லெட் ஜிர்கோனேட் டைட்டனேட் என்ற செராமிக்.

இங்கதான் பலருக்கு ஒரு குழப்பம் வரும். டிஸ்க்கை ஒரு சின்ன பேட்டரி மாதிரி நினைச்சுக்கறோம். அது பேட்டரி இல்ல. ரெண்டு பக்கமும் உலோகம், நடுவுல செராமிக். அப்படின்னா அது ஒரு கெபாசிட்டர்! கடையில கிடைக்கிற 27 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குச் சுமார் 20 நானோஃபாராட் இருக்கும். மல்டிமீட்டர்ல கெபாசிட்டன்ஸ் ரேஞ்ச் இருந்தா நீங்களே அளந்து பார்க்கலாம். தகடு வளையும்போது அந்தக் கெபாசிட்டர் மேல மின்னூட்டம் வரும். வளைஞ்ச நிலையிலேயே பிடிச்சு வச்சா வோல்டேஜ் நிக்காது, கசிஞ்சு போயிடும். அதனால பீசோ டிஸ்க் எடையை அளக்காது, மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். பாட்டி கட்டில்ல படுத்திருக்கிற எடை அதுக்குத் தெரியாது. அவர் தட்டுறது தெரியும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு ரெசிஸ்டர், ரெண்டு காது

எல்லா சர்க்யூட்லயும் டிஸ்க்குக்குக் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும். "ஏன்?"னு வைவால கேட்டா "மின்னூட்டம் வடியறதுக்கு சார்"னு சொல்லுவோம். சரிதான். ஆனா அதோட முழு வேலை அது இல்ல.

டிஸ்க் ஒரு கெபாசிட்டர், அதுக்குக் குறுக்கே ரெசிஸ்டர். சிக்னல் கெபாசிட்டர் வழியா வந்து ரெசிஸ்டர் மேல விழுது. இது ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஹை-பாஸ் ஃபில்டரேதான். கட்-ஆஃப் அதிர்வெண் = 1 ÷ (2 × பை × ஆர் × சி). கணக்குப் போடுவோம்:

- ஆர் = 1 மெகாஓம், சி = 20 நானோஃபாராட் என்றால் கட்-ஆஃப் சுமார் 8 ஹெர்ட்ஸ்.
- ஆர் = 100 கிலோஓம் என்றால் கட்-ஆஃப் சுமார் 80 ஹெர்ட்ஸ்.

சீலிங் ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுற்று வாக்கில் சுத்துதுன்னு வச்சுக்கோங்க. அதோட ஆட்டம் வினாடிக்குச் சுமார் 6 தடவை, அதாவது 6 ஹெர்ட்ஸ். 1 மெகாஓம் போட்டா அந்த ஆட்டத்துல 60 சதவீதம் உள்ளே வந்துடும். 100 கிலோஓம் போட்டா வெறும் 7.5 சதவீதம்தான் வரும். முட்டியால மரத்தைத் தட்டுற சத்தம் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ்ல இருக்கும். 500 ஹெர்ட்ஸுக்கு 100 கிலோஓம் போட்டாலும் 98 சதவீதத்துக்கு மேல தப்பிச்சு வந்துடும்.

புரியுதா? பத்து பைசா ரெசிஸ்டரை மாத்தினதும் ஸ்விட்ச்சோட காதே மாறிடுச்சு. ஃபேன், தூரத்து லாரி, மெதுவா புரளுறது எல்லாம் தாழ்ந்த அதிர்வெண். அதெல்லாம் அடங்கிடுது, தட்டு மட்டும் நிக்குது. நோட்ஸ்ல இருக்கிற 1 மெகாஓமை அப்படியே போடாம, எதைக் கேட்கக் கூடாதோ அதுக்கேத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கணும்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்தச் செராமிக் வெப்பம் மாறினாலும் மின்னூட்டம் கொடுக்கும். மேல வெயில் விழுந்தா, கை வச்சா, மெதுவா ஒரு வோல்டேஜ் எழும்பும். சின்ன ரெசிஸ்டர் அதையும் உடனே வடிச்சிடும்.

எவ்வளவு பலமா தட்டணும்?

அடுத்தது கம்பேரட்டர். நாம எல்எம்393 ஐசி எடுத்துக்குவோம். 5 வோல்ட் சப்ளை போதும், பழைய மொபைல் சார்ஜர் ஒண்ணு எடுத்துக்கோங்க. இணைப்பு இதுதான்:

- டிஸ்க்கோட பித்தளைப் பக்கம் கிரவுண்டுக்கு. செராமிக் பக்கம் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியா எல்எம்393-இன் 2-ஆம் பின்னுக்கு.
- டிஸ்க்குக்குக் குறுக்கே 100 கிலோஓம்.
- 2-ஆம் பின்னிலிருந்து ரெண்டு 1என்4148 டையோடு: ஒண்ணு கிரவுண்டுக்கு, ஒண்ணு 5 வோல்ட்டுக்கு, ரெண்டும் ரிவர்ஸ் பயாஸில்.
- 5 வோல்ட்டிலிருந்து 47 கிலோஓம், அதுக்குக் கீழே 10 கிலோஓம் பிரீசெட், அதோட மறுமுனை கிரவுண்டுக்கு. பிரீசெட்டின் நடுக்கால் 3-ஆம் பின்னுக்கு.
- 1-ஆம் பின் அவுட்புட். அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் புல்-அப்.
- 8-ஆம் பின் 5 வோல்ட், 4-ஆம் பின் கிரவுண்டு. பயன்படுத்தாத 5, 6, 7 பின்களையும் கிரவுண்டுக்கே கொடுத்திடுங்க.

புல்-அப்பை மறந்துடாதீங்க. எல்எம்393-இன் அவுட்புட் ஓபன் கலெக்டர். அது வோல்டேஜைக் கீழே இழுக்கும், மேலே தள்ளாது. புல்-அப் இல்லேன்னா அவுட்புட் மேலே எழவே எழாது, நீங்க ஐசியைச் சந்தேகப்பட்டு இன்னொண்ணு வாங்கப் போயிடுவீங்க.

டையோடு எதுக்கு? கேஸ் லைட்டர் ஞாபகம் இருக்கா? டிஸ்க்கைப் பலமா தட்டினா 5 வோல்ட்டைத் தாண்டி நிறைய வரலாம், மைனஸ் பக்கமும் வரும். 10 கிலோஓம் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும், டையோடுகள் வோல்டேஜை வெட்டிடும்.

பிரீசெட்டைத் திருப்பினா 3-ஆம் பின்ல 0-விலிருந்து சுமார் 0.88 வோல்ட் வரைக்கும் வைக்கலாம். இதுதான் எல்லைக்கோடு. தட்டோட வோல்டேஜ் இதைத் தாண்டினா அவுட்புட் கீழே விழும். 0.3 வோல்ட்ல ஆரம்பிங்க. ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, ஆர்டுயினோவோட "நாக்" உதாரண ஸ்கெட்ச்ல த்ரெஷோல்டு 100ன்னு இருக்கும். 10 பிட், 5 வோல்ட் கணக்குல அது சுமார் 0.49 வோல்ட்.

ஒரு விஷயம். பிரீசெட்டை 0-க்கு ரொம்பப் பக்கத்துல வச்சா ஸ்விட்ச் எப்பவும் ஆன்லயே நிக்கலாம். காரணம், எல்எம்393-இன் உள்ளீட்டுப் பின்னிலிருந்து ஒரு துளி கரன்ட் வெளியே வரும், வழக்கமா 25 நானோஆம்பியர் அளவு. 1 மெகாஓம் மேல அது 25 மில்லிவோல்ட் ஆகும். 100 கிலோஓம் மேல 2.5 மில்லிவோல்ட்தான். சின்ன ரெசிஸ்டர் இங்கேயும் நம்ம பக்கம்.

ஒரு தட்டு, ஒரு மணி

ஒரு தட்டு நமக்கு ஒண்ணு. டிஸ்க்குக்கு அது ஒண்ணு இல்ல. கோயில் மணியை ஒரு தடவை அடிச்சா ரொம்ப நேரம் அதிரும் இல்லையா, அது மாதிரி மரமும் சில மில்லிசெகண்ட் அதிரும். கம்பேரட்டர் அவுட்புட்டை டிஎஸ்ஓவில் பார்த்தா ஒரே தட்டுக்குப் பல துடிப்பு வரிசையா வரும். இதை அப்படியே ரிலேவுக்குக் கொடுக்க முடியாது, ரிலே அசையறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

இங்கதான் நம்ம பழைய நண்பர் 555 வர்றார். 1971-ல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைச்சது, இன்னும் ரிட்டயர் ஆகல. மோனோஸ்டேபிளா போடுங்க. எல்எம்393-இன் 1-ஆம் பின் நேரா 555-இன் 2-ஆம் பின்னுக்குப் போகும். முதல் துடிப்பு வந்ததும் 555 ஆன் ஆகிப் பூட்டிக்கும். பின்னாடி வர்ற அதிர்வு எதையும் கண்டுக்காது. எவ்வளவு நேரம்? 1.1 × ஆர் × சி. 6, 7 பின்களைச் சேர்த்து, 5 வோல்ட்டுக்கு 470 கிலோஓம், கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாராட் போட்டா சுமார் 5.2 வினாடி. மணிக்கு இது போதும். 1-ஆம் பின் கிரவுண்டு, 8-ஆம் பின் 5 வோல்ட், 5-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாராட்.

4-ஆம் பின் ரீசெட். எல்லாரும் அதை நேரா 5 வோல்ட்டுக்குக் கொடுப்போம். நம்ம வேலைக்கு அது சரி வராது. ராத்திரி கரன்ட் போய்த் திரும்பி வரும்போது 555 தானாவே ஒரு தடவை ட்ரிகர் ஆகலாம். மணி அடிக்கும், வீடே எழுந்திருக்கும். அதனால 4-ஆம் பின்னை 10 கிலோஓம் வழியா 5 வோல்ட்டுக்கும், 100 மைக்ரோஃபாராட் வழியா கிரவுண்டுக்கும் கொடுங்க. சப்ளை நிலைச்சு நிக்கிற வரைக்கும் 555 ரீசெட்லயே இருக்கும்.

3-ஆம் பின்னிலிருந்து 1 கிலோஓம் வழியா பிசி547 பேஸுக்கு. கலெக்டர்ல 5 வோல்ட் ரிலே, அதுக்குக் குறுக்கே ரிவர்ஸ்ல 1என்4007. ரிலே காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும், பிசி547-இன் எல்லை 100. தாங்கும்.

ரிலேவுக்கு அந்தப் பக்கம் 230 வோல்ட் மணியை இணைக்க ஆசை வரும். வேண்டாம். பேட்டரியில ஓடுற வயர்லெஸ் காலிங் பெல் ஒண்ணு வாங்கி, அதோட பட்டனுக்குக் குறுக்கே ரிலேவின் காமன், நார்மலி ஓபன் கால்களைச் சால்டர் பண்ணிடுங்க. ரிலே மூடினா பட்டன் அழுத்தின மாதிரி. அடுத்த அறைக்கு வயர் இழுக்கிற வேலையும் மிச்சம், படுக்கைக்குப் பக்கத்துல மெயின்ஸும் இல்ல.

தன் சத்தத்துக்குத் தானே முழிக்கிற ஸ்விட்ச்

இப்போ எல்லாம் சரியா போட்டு, டிஸ்க்கை ரிலே இருக்கிற அதே போர்டுல ஒட்டிட்டீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு தட்டு தட்டுங்க. மணி அடிக்கும், 5 வினாடி கழிச்சு ரிலே விடும். விடும்போது "டக்"ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தமே ஒரு அதிர்வுதான். டிஸ்க் அதைக் கேட்கும், 555 மறுபடி ஆன் ஆகும், 5 வினாடி கழிச்சு மறுபடி "டக்". இப்படியே விடிய விடிய ஓடும். கோடிங் பண்றவங்க இதை இன்ஃபினிட் லூப்னு சொல்லுவாங்க. இங்கே அது மரத்தின் வழியா நடக்குது.

தீர்வு சுலபம். டிஸ்க் கட்டில்ல, போர்டு சுவரோரமா வேற ஒரு ஸ்டூல்ல. நடுவுல மைக்குக்குப் போடுற ஷீல்டு கேபிள், ஷீல்டு கிரவுண்டுக்கு. சாதாரண வயரை நீளமா இழுத்தா அது சுவர்ல ஓடுற 50 ஹெர்ட்ஸை ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்கிட்டு வரும். இன்னொரு லூப் சப்ளை வழியாவும் வரும். ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் ஒரு கணம் குழியும், எல்லைக்கோடும் கூடவே குழியும். 555-க்குப் பக்கத்துல ஒரு 100 நானோஃபாராட், சப்ளையில ஒரு 470 மைக்ரோஃபாராட் வைங்க.

ஒட்டுறதுலதான் பாதி இருக்கு

டிஸ்க்கைப் பஞ்சு மாதிரி இருக்கிற டபுள் சைடு டேப்ல ஒட்டாதீங்க. அது வேகமான அதிர்வை விழுங்கிடும், நமக்கு வேண்டியதே அந்த வேகமான அதிர்வுதான். பித்தளைப் பக்கம் மரத்துல படும்படி எபாக்ஸி போட்டு ஒட்டுங்க. கட்டில் கால்ல வேண்டாம், தரையில நடக்கிறது எல்லாம் அங்கே வரும். தலைமாட்டுச் சட்டத்துல, கை எட்டுற இடத்துக்குப் பக்கத்துல வைங்க. செராமிக் மேல சால்டரிங் அயர்னை ஒண்ணு ரெண்டு வினாடிக்கு மேல வைக்காதீங்க, வெள்ளிப் பூச்சு உரிஞ்சு வந்துடும். வயர் இழுபடாம இருக்க மேல ஒரு சொட்டு பசை விடுங்க.

ஒரு ராத்திரி டெஸ்ட்

இனிமேதான் உண்மையான லேப். மணியைக் கழட்டிட்டு, ரிலே இடத்துல ஒரு கவுன்டரை வைங்க, ஆர்டுயினோ இருந்தா அதுலயே எண்ணலாம். யாராவது அந்தக் கட்டில்ல வழக்கம்போல தூங்கட்டும். ஃபேன் ஓடட்டும், கதவு சாத்தட்டும். காலையில எண்ணிக்கை 0 வரணும். அதுக்கப்புறம் பாட்டியையே தட்டச் சொல்லுங்க. நீங்க தட்டிப் பார்க்கிறது டெஸ்ட் ஆகாது, உங்க கைப் பலம் வேற, அவர் கைப் பலம் வேற. உட்கார்ந்து, படுத்து, இடது கையால, வலது கையால, மொத்தம் 20 தட்டு. 20-க்கு 20 வரணும்.

ரெண்டும் சேர்ந்து வரல, ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கெடுதுன்னா, பிரீசெட்டைத் திருப்பிக்கிட்டே இருக்காதீங்க. பலத்தை வச்சு மட்டும் ரெண்டையும் பிரிக்க முடியலன்னு அர்த்தம். பழைய மரக்கட்டில் "கிரீச்"சுன்னா அதுலயும் வேகமான அதிர்வு இருக்கு, ஃபில்டருக்கு வித்தியாசம் தெரியாது. அப்போ வேற ஒரு அடையாளம் வேணும். இரட்டைத் தட்டு! கம்பேரட்டர் அவுட்புட்டை ஆர்டுயினோவுக்குக் கொடுத்து, ஒரு தட்டுக்கு அப்புறம் 150 மில்லிசெகண்ட் காதை மூடிக்கிட்டு, 800 மில்லிசெகண்டுக்குள்ள இன்னொரு தட்டு வந்தா மட்டும் மணி அடிக்கச் சொல்லுங்க. ஃபேனோ கட்டிலோ சும்மா ரெண்டு தடவை அந்த இடைவெளியில தட்டுறது அபூர்வம். மனுஷங்கதான் அப்படித் தட்டுவாங்க. பாட்டியோட கை மெதுவா வரும்னா 800-ஐ 1200 ஆக்குங்க. அவரோட வேகத்துக்கு நாமதான் போகணும்.

இன்னும் ஒண்ணு சொல்லணும். இது உதவிக்கு ஒரு மணி, அவ்வளவுதான். ராத்திரி எழுந்து ஒரு தடவை எட்டிப் பார்க்கிற பழக்கத்தை இதைக் காட்டி விட்டுடக் கூடாது.

வைவால "உங்க ப்ராஜெக்ட் என்ன பண்ணும்?"னு கேட்பாங்க. எல்லாரும் அதுக்குத் தயாராத்தான் போவோம். "என்ன பண்ணாது?"ன்னு கேட்டா, இப்போ உங்ககிட்ட பதில் இருக்கு: 100 கிலோஓம் ஃபேனைக் கேட்காது, 0.3 வோல்ட் தூரத்துக் கதவைக் கேட்காது, 555 எதிரொலியைக் கேட்காது, ரீசெட் கெபாசிட்டர் கரன்ட் வர்றதைக் கேட்காது. மிச்சம் இருக்கிறது ஒரு தட்டு. அதுக்கு மட்டும் மணி அடிக்கும்.